தாலி கட்டும்போது எங்கே நிற்பீர்கள்? கல்யாண வீடியோவுக்குத் திட்டம் போடும் முறை

கல்யாண வீடியோ எடுக்கப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது கேமராவைப் பற்றித்தான். எந்த லென்ஸ், கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பல் வேண்டுமா, டிரோன் வாங்கலாமா என்று கேட்பார்கள். அதெல்லாம் கடைசியில் வரும் கேள்விகள். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆரணி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் நாங்கள் பார்த்தவரை ஒரு வீடியோ சொதப்புவதற்குக் கேமரா காரணமாக இருப்பது அபூர்வம். நடக்க வேண்டியது நடந்தபோது எடுக்க வேண்டியவர் வேறு எங்கோ நின்றிருப்பார். அவ்வளவுதான்.

வேலைக்குப் புதிதாக வந்த தம்பிகளுக்காகவும், சொந்தக்காரர் கல்யாணத்தில் "நீயே எடுத்துடுப்பா" என்று மாட்டிவிடப்பட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். முதலில் கேட்க வேண்டும், பிறகு பிரிக்க வேண்டும், பிறகு மண்டபத்தைப் பார்க்க வேண்டும், பிறகு யார் எங்கே நிற்பது என்று முடிவு செய்ய வேண்டும். கருவிகளை அதற்கு அப்புறம் எடுத்து வைத்தால் போதும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பே கல்யாணப் பத்திரிகை, ஐயரின் போன் எண், மண்டப மேனேஜரின் எண், இரண்டு வீட்டிலும் ஆளுக்கு ஒருவர் எண் ஆகியவை வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். பெண்ணின் அப்பா எண்ணை வாங்கி வைத்துக்கொள்வார்கள். முகூர்த்தக் காலையில் அவர் மேல்சட்டை இல்லாமல் மணவறையில் உட்கார்ந்திருப்பார், போன் யார் கையிலோ இருக்கும். சித்தப்பா, மாமா, அக்கா வீட்டுக்காரர் என்று எல்லோரையும் தெரிந்த, ஆனால் மணவறையில் வேலை இல்லாத ஒருவரைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு சின்ன நோட்டும் வேண்டும். போனில் குறித்து வைத்தால் அன்றைக்கு அந்த போன் டார்ச்சாகவும் ஹாட்ஸ்பாட்டாகவும் அலைந்துகொண்டிருக்கும்.

2. பத்திரிகையை வரி வரியாகப் படியுங்கள்

பத்திரிகையில் முகூர்த்தம் "காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்" என்று இருக்கும். அது ஒன்றரை மணி நேர இடைவெளி. தாலி 6.10-க்கும் ஏறலாம், 7.20-க்கும் ஏறலாம். எத்தனை மணிக்கு என்பது ஐயருக்குத்தான் தெரியும், அதை 7-ம் பகுதியில் பார்ப்போம்.

அடுத்து இடங்களைப் பாருங்கள். நம் பக்கம் பல குடும்பங்களில் கல்யாணத்தை நடத்துவது மாப்பிள்ளை வீட்டார். அதனால் முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு, அன்று இரவே ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். பெண் வீடு குடியாத்தத்தில், மண்டபம் காட்பாடியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோக்காரர் சாயங்காலம் மண்டபத்துக்கு வந்து காத்திருப்பார். ஆனால் அந்தப் பெண் தன் வீட்டுப் பூஜை அறையில் விளக்கேற்றி, பாட்டி காலில் விழுந்து, தெருவே வாசலில் நிற்கக் கார் ஏறுவது மத்தியானமே நடந்து முடிந்திருக்கும். பெண்ணின் அம்மா ஆயுசுக்கும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கக்கூடிய காட்சி அது. "பெண் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறார்கள், அதை எடுக்க வேண்டுமா" என்று முன்பே கேட்டு, அதற்கு ஓர் ஆளை ஒதுக்குங்கள்.

பயண நேரத்தைத் தாராளமாகப் போடுங்கள். முகூர்த்த நாளில் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பைத் தாண்டுவது எவ்வளவு நேரம் என்று வேலூர்க்காரர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

3. இரண்டு வீட்டிலும் தனித்தனியாகக் கேளுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு, இணையத்தில் கிடைக்கும் ஏதாவது ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் அதிகம். அந்தப் பட்டியலில் மெஹந்தியும் கேக் வெட்டுவதும் இருக்கும், தாய்மாமன் பட்டம் கட்டுவது இருக்காது.

சடங்கு வீட்டுக்கு வீடு மாறும், ஒரே சாதிக்குள்ளேயே ஊருக்கு ஊர் மாறும். அதனால் கேள்விகளைக் குறிப்பாகக் கேளுங்கள். பந்தக்கால் என்றைக்கு நடுகிறீர்கள்? நலங்கு வீட்டிலா, மண்டபத்திலா? தாய்மாமன் செய்ய வேண்டியது என்னென்ன? முகூர்த்தப் புடவை மாற்றிக்கொண்டு வர பெண் உள்ளே போவாரா? மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போடுவாரா, நாத்தனார் போடுவாரா? நாத்தனார் என்றால் எந்த அக்கா அல்லது தங்கை?

கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும் பின்னால் நிற்கிற பெண் குனிந்து மீதியைப் போடுவார். அவர் யார் என்று தெரியாவிட்டால் அவர் முகமே வீடியோவில் வராது, முதுகுதான் வரும். பிற்பாடு குடும்பத்தில் அதைச் சொல்லிக் காட்டாத ஆளே இருக்க மாட்டார்கள்.

சித்தூர் எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்களுடைய கல்யாணங்களில் முகூர்த்தத்தின் உச்சம் பல இடங்களில் தாலி கட்டுவது அல்ல. சீரகத்தையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்து, நடுவில் ஒரு திரை பிடித்திருக்க, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் தலையில் ஒருவர் வைப்பார்கள். குறித்த நேரம் என்பது அதற்குத்தான். தாலி அதற்குப் பிறகு வரும். பிறகு ஒருவர் தலையில் ஒருவர் அரிசியைக் கொட்டி விளையாடுவார்கள், அது வீடியோவிலேயே கலகலப்பான இடம். தமிழ்க் கல்யாணம் மட்டுமே எடுத்துப் பழகியவர், தாலி வரட்டும் என்று பேட்டரி மாற்றிக்கொண்டிருக்கும்போது முகூர்த்தம் தாண்டிப் போயிருக்கும். "உங்கள் வீட்டில் சரியாக முகூர்த்த நேரத்துக்குச் செய்வது எது?" என்று ஒரே கேள்வி கேட்டால் இந்தச் சிக்கல் வராது.

இரண்டு வீட்டிலும் தனித்தனியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் பேசுவார்கள், பெண் வீட்டார் தலையாட்டுவார்கள்.

4. கேட்டதை மூன்றாகப் பிரியுங்கள்

நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்குங்கள்.

முதல் பக்கத்தில் ஒரே முறை நடப்பவை. தாலி கட்டுவது, தாரை வார்ப்பது, பெண் மணவறைக்கு நடந்து வருவது, அப்பாவின் கண் கலங்குவது, பெண் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புவது. இவற்றில் "இன்னொரு தடவை செய்யுங்க" என்று கேட்க முடியாது. கேட்டால் அது நடிப்பு.

இரண்டாம் பக்கத்தில் நேரம் நீளமாக இருப்பவை. நலங்கு, ரிசப்ஷனில் வரிசையாக வந்து வாழ்த்துவது, பந்தி, மேளம். பத்து நிமிடம் தாமதமாகப் போனாலும் கிடைக்கும்.

மூன்றாம் பக்கத்தில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடியவை. புடவை, நகை, மாலை, மண்டப வாசல், வாழைமரம், கோலம், பத்திரிகை.

புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மோதிரத்தைப் பூ மேல் வைத்து, வெளிச்சம் சரி பண்ணி, அரை மணி நேரம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதே நேரத்தில் பக்கத்து அறையில் அக்கா தங்கைக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருப்பாள். மோதிரம் எங்கும் போகாது. ஆட்களையும் நேரத்தையும் முதல் பக்கத்துக்கு ஒதுக்கிய பிறகே மற்றவற்றைத் தொடுங்கள்.

முதல் பக்கத்தில் பதினைந்துக்கு மேல் போனால் நீங்கள் சரியாகப் பிரிக்கவில்லை என்று அர்த்தம்.

5. முகங்களின் பட்டியல்

வீடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு வரும் புகார் எதுவென்றால், "எங்க ஆயாவை ஒரு தடவகூட காட்டலியேப்பா" என்பதுதான். லைட்டிங் சரியில்லை, கலர் சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை.

இரு வீட்டிலும் ஆளுக்குப் பத்துப் பெயர் கேளுங்கள். தாத்தா, பாட்டி, தாய்மாமன், அத்தை, வெளிநாட்டிலிருந்து வருகிறவர், பெண்ணின் பள்ளித் தோழி. வயதானவர்களை ரிசப்ஷனுக்கு முன்பே, களைத்துப் போவதற்குள் எடுத்துவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் அவர்கள் அறைக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள், காலையில் கூட்டத்தில் மேடைக்கு ஏற மாட்டார்கள்.

பெயர் மட்டும் போதாது, முகம் தெரிய வேண்டும். கூடவே நின்று "அதோ அந்தப் பச்சைப் புடவை, பெரியம்மா" என்று அடையாளம் காட்ட ஒரு பையனையோ பெண்ணையோ இரண்டு வீட்டாரும் தரச் சொல்லுங்கள். காலேஜ் படிக்கிற வயது நல்லது. அவர்களுக்கு அங்கே வேறு வேலை இருக்காது, கேமரா பக்கத்தில் நிற்கவும் பிடிக்கும்.

இன்னொன்றும் மெதுவாகக் கேட்க வேண்டும். சேர்ந்து நிற்காதவர்கள் யாராவது உண்டா? பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகளை மேடையில் ஒன்றாக நிற்கச் சொல்லி அழைத்தால், அந்த ஒரு நிமிடச் சங்கடம் உங்கள் கணக்கில் ஏறும்.

6. மண்டபத்தை முகூர்த்த நேரத்திலேயே போய்ப் பாருங்கள்

மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு வருவதில் பாதிப் பயன்தான். 6 மணி முகூர்த்தம் என்றால் 6 மணிக்கே போக வேண்டும். தை மாதத்தில் வேலூரில் சூரியன் உதிக்கவே 6.30 தாண்டிவிடும், அதனால் 6 மணிக்கு ஜன்னல் வழியாக எதுவும் வராது, மண்டப விளக்குதான் வெளிச்சம். வைகாசியில் 5.45 வாக்கிலேயே உதித்துவிடும், கிழக்கு ஜன்னலிலிருந்து வெயில் நேராக மேடையில் விழும். பாதி முகம் வெள்ளை, பாதி இருட்டு.

பார்க்க வேண்டியவை: மணவறைக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது, ஐயர் எந்தப் பக்கம் உட்காருவார், மேடைக்குப் பக்கவாட்டில் ஏற வழி உண்டா, பிளக் பாயின்ட் எங்கே, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் தானாக ஓடுமா அல்லது ஆள் போய்ப் போட வேண்டுமா. ஆள் போட வேண்டும் என்றால் நடுவில் ஒரு நிமிடம் இருட்டு. பேட்டரியில் எரியும் ஒரு லைட்டாவது தாலி கட்டும் நேரத்தில் மேடையில் இருக்கட்டும்.

மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. வால் (படம் ஓடும் பெரிய திரை) இருந்தால் அதை இயக்கும் ஆளிடம் பேசுங்கள். முகூர்த்த நேரத்தில் ஓடும் படம், மின்னும் பெயர் எல்லாம் வேண்டாம், ஒரே நிறத்தில் நிற்கும் படம் போதும் என்று சொல்லுங்கள். பின்னால் நிறம் மாறிக்கொண்டே இருந்தால் பெண்ணின் முகமும் நீலம், சிவப்பு என்று மாறும். அதை எடிட்டிங்கில் சரிசெய்ய முடியாது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மின்னும். விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வைத்தால் இது பெரும்பாலும் தெரியாது. வேகத்தைக் கூட்டினால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடலாம். எல்.இ.டி. வால் கணக்கு வேறு, அதை அங்கேயே ஒரு நிமிடம் எடுத்துப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

7. ஐயரிடமும் மேளக்காரரிடமும் இரண்டு வார்த்தை

முதல் நாள் இரவே ஐயரைப் பாருங்கள். "சாமி, தாலி சுமாரா எத்தனை மணிக்கு? புடவை மாத்தி வர எவ்வளவு நேரம் விடுவீங்க? தாலிக்கு ஒரு நிமிஷம் முன்னாடி எங்களுக்கு ஒரு ஜாடை காட்ட முடியுமா?" என்று இந்த மூன்றையும் கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். கல்யாணம் நடக்கும்போது மந்திரத்தின் நடுவில் போய்க் கேட்டால்தான் கோபம் வரும்.

"கொஞ்சம் இப்படித் திரும்பச் சொல்லுங்க சாமி" என்று சடங்கை நிறுத்தாதீர்கள். நல்ல நேரம் அவர் பொறுப்பு.

மேளக்காரருக்கும் வணக்கம் வையுங்கள். ஐயர் கையை உயர்த்தி "கெட்டிமேளம்" என்றதும் தவில் ஒரே ஓட்டமாக எகிறும். உங்கள் கண் கேமராத் திரையில் இருந்தாலும் காது அங்கே இருக்க வேண்டும். அவர்கள் உட்காரும் இடத்துக்கும் உங்கள் மைக்குக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

8. தாலி கட்டும் நேரம்: யார் எங்கே

எல்லாத் திட்டமும் இங்கிருந்து தொடங்க வேண்டும். இந்த ஒரு நிமிடத்துக்கு ஆட்களை நிறுத்திய பிறகு, பின்னோக்கிப் போய் மற்றவற்றுக்கு ஆள் பிரிக்க வேண்டும். முன்னாலிருந்து தொடங்கினால் காலை நாலரை மணிக்கே எல்லோரும் களைத்துப்போய், தாலி நேரத்தில் மெமரி கார்டு நிரம்பி நிற்கும்.

என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பார்ப்போம். தேங்காய் மேல் தாலி வைத்த தட்டு சபைக்குள் போகும். பெரியவர்கள் தொட்டுக் கும்பிடுவார்கள், அட்சதை எல்லோர் கைக்கும் போகும். தட்டு திரும்ப வரும். ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுப்பார். எல்லோரும் எழுந்துவிடுவார்கள். மாப்பிள்ளையின் இரண்டு கையும் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகும். மாலை மறைக்கும். பெண் தலை குனிவார். அட்சதையும் பூவும் மழையாகக் கொட்டும். மேடையில் இருக்கிற அத்தனை பேர் கையும் போனும் உங்கள் லென்ஸுக்கு முன்னால் வரும்.

இதைத் தெரிந்துகொண்டு ஆட்களை நிறுத்துங்கள்.

முதல் கேமரா, ஸ்டாண்டில், சபையின் நடுப்பாதையில், எழுந்து நிற்பவர்களின் தலைக்கு மேல் இருக்கிற உயரத்தில். முழு மணவறையும் தெரிய வேண்டும். இது அசையக் கூடாது. உட்கார்ந்திருப்பவர்கள் உயரத்துக்கு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, தாலி நேரத்தில் முதுகுகளை மட்டும் எடுத்த வீடியோக்கள் நம் ஊரில் ஏராளம்.

இரண்டாவது கேமரா, மேடையில், மணவறைக்கு முன்பக்கம் சாய்வாக. இவருடைய வேலை முகம். பெண்ணின் முகம், மாப்பிள்ளையின் முகம், இரண்டும். தாலியைத் துரத்திக்கொண்டு கையைக் குளோசப் எடுக்க இவர் போகக் கூடாது. ஐயர் உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றால் ஐயரின் தோள் மறைக்காது.

மூன்றாவது கேமரா இருந்தால் பின்பக்கம் பக்கவாட்டில், முடிச்சுக்கும் நாத்தனாருக்கும். அங்கே உறவுப் பெண்கள் நெருக்கமாக நிற்பார்கள். பத்து நிமிடம் முன்பே போய் "அக்கா, முடிச்சு போடும்போது இந்த இடத்துல ஒரு கை அகலம் விடுங்க, உங்க முகமும் நல்லா வரும்" என்று சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் போய் நகரச் சொன்னால் யாரும் நகர மாட்டார்கள்.

இரண்டு பேர்தான் என்றால் முதலாவதை ஆள் இல்லாமல் ஓட விடுங்கள், ஒருவர் முகத்துக்கு, இன்னொருவர் பெற்றோருக்கு. பெண்ணின் அப்பா அம்மா நிற்கும் இடம் முன்கூட்டியே தெரிந்தால், முடிச்சு விழும் நொடியில் அவர்கள் முகம் எப்படி இருந்தது என்பது கிடைக்கும். ஒரே ஆள் என்றால் முகம் மட்டும். முடிச்சை விட்டுவிடுங்கள். நூலும் கையும் எல்லாக் கல்யாணத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இனி, இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள்.

தாலித் தட்டு சபைக்குள் போகும்போது அத்தனை கேமராவும் அதன் பின்னாலேயே போய்விடும். பாட்டிகள் தொட்டுக் கும்பிடுவது அழகான காட்சி, சந்தேகமில்லை. ஆனால் தட்டு திரும்பியதும் அடுத்த நிமிடமே தாலி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வருவதற்குள் முடிந்திருக்கும். ஒருவர் மட்டும் போகலாம்.

ஸ்லோ மோஷனில் தாலியை எடுப்பது அடுத்த தவறு. பல கேமராக்களில் அந்த முறையில் ஒலி பதிவாகாது. கெட்டிமேளம் இல்லாத தாலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஸ்லோ மோஷன் வேண்டும் என்றால் மூன்றாவது கேமராவில் மட்டும்.

சில பழைய கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடி ஆனதும் தாமாகப் பதிவை நிறுத்திவிடும். ஆள் இல்லாத கேமராவில் இது நடந்தால் தெரியவே தெரியாது. தட்டு சபைக்குள் போகும்போது ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓட விடுங்கள்.

ஹோமப் புகையும் பறக்கும் பூவும் ஆட்டோ ஃபோகஸைக் குழப்பும். பெண் உட்கார்ந்ததும் முகத்துக்கு ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடுங்கள், அவர் இடம் மாறினால் மட்டும் மாற்றுங்கள்.

9. முதல் நாள் சாயங்காலம்

பெண் அழைப்பு பெரும்பாலும் மண்டபத்துக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலிலிருந்தோ அம்மன் கோயிலிலிருந்தோ தொடங்கும். பேண்டு, வரிசைத் தட்டு, பட்டாசு, நடனமாடும் தம்பிகள். இங்கே வேண்டியது மூன்று: கோயிலில் பெண் கும்பிடுவது, தட்டு வரிசை முழுதும் ஒருமுறை, மண்டப வாசலில் ஆரத்தி. தட்டு வரிசையை நீங்கள் நடந்தபடி எடுக்க வேண்டாம். ஓர் இடத்தில் நின்றுகொள்ளுங்கள், வரிசையே உங்களைத் தாண்டிப் போகட்டும். தட்டு எடுத்த எல்லாப் பெண்கள் முகமும் வந்துவிடும்.

ரிசப்ஷன் நீளமானது, சலிப்பானது, ஆனால் கடினம் இல்லை. ஒரு கேமரா ஸ்டாண்டில் நின்றால் போதும். இன்னொருவர் சபையில் உட்கார்ந்திருப்பவர்களை எடுக்கட்டும். மேடையில் சிரிப்பவர்களைவிடக் கீழே அரட்டை அடிப்பவர்கள் இயல்பாக இருப்பார்கள்.

10. காலை ஓட்டத் தாள்

ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு நேரம், நடப்பது, யார் எங்கே என்று எழுதி, எல்லோர் பையிலும் ஒரு பிரதி வையுங்கள். 6.00–7.30 முகூர்த்தத்துக்கு உத்தேசமாக இப்படி வரும். குடும்பத்துக்கும் ஐயருக்கும் ஏற்ப வரிசை மாறும்.

4.00: பெண்ணின் அறை. அலங்காரம் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். ஒரு பெண் வீடியோகிராபர் இருந்தால் அவரை அனுப்புங்கள். இல்லையென்றால் கதவைத் தட்டி, உள்ளிருந்து சரி என்று சொன்ன பிறகு.

4.45: புடவை, மாலை, தாலி என மூன்றாம் பக்கச் சாமான்கள். பதினைந்து நிமிடம், அதற்கு மேல் இல்லை.

5.00: விநாயகர் பூஜை, மாப்பிள்ளைக்குக் காப்பு, அரசாணிக்கால். ஒரு கேமரா போதும்.

5.45: பெண் மணவறைக்கு வருவது. இது முதல் பக்கம். வழியை முன்பே நடந்து பாருங்கள். பெண் எதிரே வர, கேமராவோடு பின்னோக்கி நடப்பவருக்கு ஓர் ஆள் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டும், படியில் விழுந்தவர்கள் உண்டு.

6.10: முகூர்த்தப் புடவையைப் பெரியவர்கள் ஆசீர்வதித்துக் கொடுக்க, பெண் மாற்றிக்கொள்ள உள்ளே போவார். பத்திலிருந்து இருபது நிமிட இடைவெளி. புதியவர்கள் எல்லோரும் ஒன்றாகக் காபிக்குக் கிளம்புவது இப்போதுதான். போகலாம், ஒவ்வொருவராக. மேடையில் தனியாக உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையைத் தோழர்கள் கிண்டல் செய்வது இந்த நேரத்தில் கிடைக்கும். கார்டும் பேட்டரியும் புதிதாக மாற்ற வேண்டியதும் இப்போதே, பாதி மீதம் இருந்தாலும்.

6.30: பெண் திரும்ப வருவது. பாத பூஜை, தாரை வார்ப்பது. அப்பாவின் கை, பெண்ணின் கை, மாப்பிள்ளையின் கை ஒன்றன்மேல் ஒன்றாக, அம்மா ஊற்றும் தண்ணீர். குளோசப்புக்கு உண்மையிலேயே தகுதியான இடம் இது. முகத்துக்கு இன்னொருவர்.

6.45: தட்டு சபைக்கு. எல்லோரும் 8-ம் பகுதியில் சொன்ன இடங்களுக்கு.

6.55: தாலி. அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் யாரும் நகரக் கூடாது. மாலை மாற்றுவது, குங்குமம் வைப்பது, அம்மா கண்ணைத் துடைப்பது எல்லாம் அப்போதுதான்.

7.05: அக்கினி வலம், அம்மி மிதிப்பது, மெட்டி, அருந்ததி. அருந்ததிக்கு வானத்தை எடுக்க ஓடாதீர்கள், அங்கே எதுவும் தெரியாது. காட்டுகிற கையும், ஒன்றும் தெரியாமலே தலையாட்டும் இரண்டு பேர் முகமும் போதும்.

பிறகு பானைக்குள் கைவிட்டு மோதிரம் எடுப்பது. சிரிப்புச் சத்தம் முக்கியம் என்பதால் மைக் அருகில் இருக்கட்டும்.

11. ஒலிக்கும் ஒருவர் பொறுப்பு

மாப்பிள்ளை மேல்சட்டை போடாத கல்யாணத்தில் காலர் மைக் வைக்க இடம் இருக்காது. மணவறைக் காலில், பூவுக்குள் ஒரு சின்ன ரெக்கார்டரைக் கட்டுங்கள். ஐயரின் மந்திரமும் பக்கத்துப் பேச்சும் அதில் வரும். ஆனால் கெட்டிமேளத்தில் ஒலி வெடித்துப்போகும், அதனால் ஒலி அளவைக் கையால் வைக்க வேண்டும். காலையில் மேளம் தொடங்கியதும் அதன் உச்சச் சத்தத்தில் சோதித்து, மீட்டர் சிவப்பைத் தொடாதபடி இறக்குங்கள். தானாக அளவு மாற்றும் முறையில் விட்டால், மேளம் நின்றதும் மின்விசிறிச் சத்தம் மேலே வரும்.

12. கோயில், நிக்காஹ், சர்ச், சுயமரியாதை

ரத்தினகிரி, வள்ளிமலை போன்ற கோயில்களில் கல்யாணம் என்றால் ஒரே முகூர்த்தத்தில் பல ஜோடிகள் காத்திருப்பார்கள், எல்லாம் கால் மணி நேரத்தில் முடியும். ஓட்டத் தாள் அங்கே பயன்படாது, தாலி மட்டும்தான் திட்டம். கேமராவுக்கு அனுமதி உண்டா, எதுவரை என்று கோயில் அலுவலகத்தில் முன்பே கேளுங்கள். கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, அதனால் போனில் எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்து நிக்காஹ்வில் பெண்கள் பகுதி தனி. அங்கே யார் எடுக்கலாம், எடுக்கலாமா என்பதை வீட்டாரே சொல்ல வேண்டும். முகூர்த்தத்துக்கு ஈடான தருணம் சம்மதம் சொல்வதும் கையெழுத்துப் போடுவதும். சர்ச்சில் ஆல்டருக்கு எவ்வளவு அருகில் நிற்கலாம் என்று பாஸ்டரிடம் கேளுங்கள். மோதிரம் மாற்றும்போது நடுவழியில் ஓடக் கூடாது. சுயமரியாதைத் திருமணத்தில் உறுதிமொழியும் மாலை மாற்றுவதும் சீக்கிரம் முடிந்துவிடும், வாழ்த்துரைதான் நீளும். பேசுகிறவர்கள் பட்டியலை வாங்கி, மைக்கிலிருந்து நேராக ஒலி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஜோடிப் படத்துக்கு வேலூர்க் கோட்டை என்று எல்லோரும் கேட்பார்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம், கேமரா, லைட், டிரோனோடு போவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும். டிரோன் பற்றி இவ்வளவு போதும்: 250 கிராமுக்கு மேல் என்றால் தொழிலுக்காக ஓட்டுகிறவருக்கு ரிமோட் பைலட் சான்று வேண்டும், எந்த எடையானாலும் அந்த இடம் பச்சை மண்டலமா (முன் அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிடக்கூடிய பகுதியா) என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துவிட்டு எடுங்கள். பட்டாசு வெடிக்கும் ஊர்வலத்துக்கு மேல் பறக்கவிட வேண்டாம்.

13. கார்டு, பேட்டரிக் கணக்கு

4கே-யில் விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். ஓட்டத் தாளில் கேமராவுக்குக் கேமரா எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பார்த்தால் எத்தனை கார்டு என்பது தெரிந்துவிடும். நிரம்பிய கார்டை ஒரு டப்பாவில், காலியானதை வேறு டப்பாவில் வையுங்கள். இரண்டும் ஒரே சட்டைப் பையில் இருந்தால் விடியற்காலை அவசரத்தில் எதை அழிப்பீர்கள் என்று சொல்ல முடியாது.

சித்திரை, வைகாசி வெயிலில் கேமரா சூடாகி அணையும். மண்டபத்துக்கு வெளியே எடுத்துவிட்டு வந்ததும் ஐந்து நிமிடம் நிழலில் அணைத்து வையுங்கள்.

14. எடுக்கக் கூடாதவை

இதையும் பட்டியலில் எழுதி வையுங்கள். மொய் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களை எடுக்கலாம், நோட்டில் எழுதும் தொகையை எடுக்கக் கூடாது. பந்தியில் இலை போடுவது, பரிமாறும் கை, முதல் பந்தியில் பெரியவர்கள் உட்காருவது எல்லாம் சரி, வாயில் சோறு போகும் குளோசப் வேண்டாம். சீர் தட்டில் நகையை எண்ணுவது, வரதட்சணைப் பேச்சு மாதிரி காதில் விழும் எதுவும், சண்டை, யாராவது மயங்கி விழுவது, இவை நடந்தால் கேமராவை இறக்குங்கள். பெண் அழுவதை எடுக்கலாம், லைட்டை முகத்தில் அடித்து எடுக்கக் கூடாது.

15. மண்டபத்தைக் காலி செய்யும் முன்

பந்தி முடிந்ததும் பாதிப்பேர் மூட்டை கட்டத் தொடங்குவார்கள். மறுபடி நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். பெண் கிளம்புவது இன்னும் பாக்கி இருக்கும். காரில் ஏறும்போது பெண் பக்கம் ஒருவர், வாசலில் நிற்கும் அம்மா பக்கம் ஒருவர். வண்டி நகர்ந்த பிறகும் வாசல் கேமராவை அரை நிமிடம் ஓட விடுங்கள்.

அப்புறம் முகங்கள் பட்டியல். விடுபட்டவர்கள் இருந்தால் அடையாளம் காட்டும் பையனை அனுப்பி இப்போதே கூட்டி வரச் சொல்லுங்கள், பஸ் ஏறிப் போய்விட்டால் கிடைக்க மாட்டார்கள்.

கார்டுகளை மண்டபத்திலேயே லேப்டாப்பிலும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கிலும் நகலெடுத்து, தாலிக் காட்சியை மூன்று கேமராவிலும் திறந்து பார்த்து, ஒலி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். லேப்டாப் ஒரு வண்டியில், டிஸ்க் இன்னொரு வண்டியில் போகட்டும். வீடியோவைக் கொடுத்து, வீட்டார் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை எந்தக் கார்டையும் அழிக்காதீர்கள்.